கனிமொழியின் நோட்டு

பருத்திப்பட்டு,
29.06.2025, ஞாயிறு

அன்புள்ள கிருஷ்ணப்பிரியா டீச்சருக்கு,

ஜெயசீலி எழுதுவது. நாம் இன்னும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. நான் விடுப்பில் வந்த மறுநாளே என் வகுப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகத் தலைமையாசிரியர் தங்கவேல் சார் தகவல் அனுப்பினார். நன்றி.

தொண்டையில் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம் ஆகிறது. இது இரண்டாம் முறை என்பதால் ஆறு வாரத்துக்கு ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே போன் கிடையாது. வாட்ஸ்அப்பில் எழுதலாம்தான். போன வருஷம் பள்ளிக் குழுவில் நான் போட்ட ஒரு வரி எந்தெந்தப் பெற்றோர் கைக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று பார்த்த பிறகு அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் பள்ளியில் சத்துணவு சமைக்கும் பேபி எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். அவளிடம் கொடுத்தால் வந்து சேர்ந்துவிடும்.

இந்த வாரம் ஐந்தாம் வகுப்பில் முடிக்க வேண்டியவை: கணக்கில் சுற்றளவு, பயிற்சி முழுவதும். அறிவியலில் செரிமான மண்டலம், படத்தோடு. தமிழில் இரண்டாம் பாடம், கேள்வி பதில், பெயர்ச்சொல். வெள்ளிக்கிழமை நோட்டுகளைக் கட்டி அனுப்புங்கள். வாய்தான் வேலை செய்யவில்லை, கை நன்றாக இருக்கிறது. நானே திருத்துகிறேன்.

பாடத்தை மூன்று தடவையாவது உரக்க வாசியுங்கள். பக்கத்துப் பட்டறையில் கிரைண்டிங் சத்தம் காலையிலேயே ஆரம்பித்துவிடும். அதற்கு மேலே கேட்க வேண்டும்.

ஜூலை 29 அன்று நிர்வாகத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள். கனிமொழி என்று ஒரு பெண் இருக்கிறாள், பேபியின் மகள். அவள் நோட்டை வாங்கிப் பாருங்கள். இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு கையெழுத்தை நான் பார்த்ததில்லை. எல்லா நோட்டும் அப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஜெயசீலி


கள்ளிக்குப்பம்,
04.07.2025, வெள்ளி

மதிப்பிற்குரிய ஜெயசீலி டீச்சருக்கு,

வணக்கம். உடம்பு தேவலையா? இருபத்தெட்டு நோட்டுகளையும் கட்டிப் பேபி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். சுற்றளவில் பாதிதான் முடிந்தது. தமிழில் கேள்வி பதில் எழுதவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

திங்கட்கிழமை பயிற்சியின் முதல் கணக்கைப் புத்தகத்தைப் பார்த்துப் போடச் சொன்னேன். பென்சிலைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். "ஏன் யாரும் ஆரம்பிக்கல?" என்று கேட்டேன். "டீச்சர், நீங்க படிங்க" என்றார்கள். வாசித்தேன். பன்னிரண்டு மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம் உள்ள தோட்டத்துக்கு வேலி போட வேண்டும். வாசித்து முடிப்பதற்குள் லிபின் "நாப்பது" என்றான். அடுத்த கணக்குக்கும் அப்படித்தான். நான் வாசிக்காவிட்டால் யாரும் அசைவதில்லை. கணக்கு தெரிகிறது டீச்சர். கேள்விதான் தெரியவில்லை.

அதனால் செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நாலு வரி வாசிக்கச் சொன்னேன். பதினொரு பேரால் முடியவில்லை. தடுமாறுகிறார்கள் என்று சொல்லவில்லை. எழுத்தே தெரியவில்லை.

இது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று சொன்னால் நானும் அதையே தொடர்கிறேன்.

இப்படிக்கு,
கிருஷ்ணப்பிரியா


பருத்திப்பட்டு,
06.07.2025, ஞாயிறு

அன்புள்ள கிருஷ்ணப்பிரியா டீச்சருக்கு,

நோட்டுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் நாலைந்து பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

நீங்கள் புதிது. புது டீச்சர் முன்னால் தனியாக எழுந்து நின்று வாசி என்றால் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். இரண்டு மூன்று பேர் பின்தங்கியிருப்பது எனக்கும் தெரியும். இவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் பாதி நாள் பள்ளியே திறக்கவில்லை, கொரோனா. அப்பாவின் போன் வீட்டில் இருந்தால் படிப்பு, இல்லாவிட்டால் இல்லை. நாலாவதில் என்னிடம் வந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பாடத்தையும் மூன்று தடவை, நாலு தடவை உரக்க வாசித்து, கூடவே சொல்லவைத்துப் பழக்கியிருக்கிறேன். என் தொண்டை போனதே அதனால்தான். என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டீர்களே, இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

பதினொன்று என்று பொத்தாம் பொதுவாக எழுத வேண்டாம். பெயர்களை எழுதி அனுப்புங்கள்.

இங்கே நானும் ஒரு சிலேட்டு வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறேன். சாம்பாருக்கு உப்பு போதவில்லை என்று எழுதிக் காட்டினால், என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்துவிட்டு, பதிலையும் சிலேட்டிலேயே எழுதி நீட்டுகிறார். எனக்குக் காது கேட்கும் என்பதை அவருக்கு மறுபடி எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. அதற்குள் சாப்பாடு ஆறிவிடுகிறது.

விட்ட பக்கங்களை இந்த வாரம் முடித்துவிடுங்கள்.

ஜெயசீலி


கள்ளிக்குப்பம்,
09.07.2025, புதன்

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

பெயர்களைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பதினோராவது பெயரை எழுத எனக்கே மனம் வரவில்லை. கனிமொழி.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் முதலில் நம்பவில்லை. போன வாரம் அவளைத்தான் முதலில் கூப்பிட்டேன். இரண்டாம் பாடத்தைக் கணீரென்று வாசித்தாள். ஒவ்வொரு வரியின் கீழும் விரல் போனது, முற்றுப்புள்ளியில் நின்றது. நிம்மதியாக அவளை உட்காரச் சொல்லப் போனேன். அப்போதுதான் புத்தகத்தைப் பார்த்தேன். அவள் திறந்து வைத்திருந்தது மூன்றாம் பாடம்.

அடுத்த நாள் யாரும் இல்லாதபோது அவள் சொன்ன அதே பாடத்திலிருந்து ஒரே ஒரு சொல்லைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். பாடத்தை முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த இடம் வந்ததும் நிற்கத் தெரியவில்லை.

போர்டில் இருப்பதை அப்படியே படம்போல எழுதுகிறாள் டீச்சர். காதில் விழுந்ததை ஒரு தடவையிலேயே பிடித்துக்கொள்கிறாள். அந்த இரண்டும் அவளிடம் அவ்வளவு நன்றாக இருப்பதால்தான் யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து காலை இரண்டு பீரியடும் அந்தப் பதினொரு பேருக்கு எழுத்தும் சொற்களும் மட்டும் எடுக்கிறேன். மற்றவர்கள் தாங்களாகவே கணக்குப் போடுகிறார்கள். அதனால் இந்த வாரம் நோட்டில் உங்களுக்குத் திருத்த எதுவும் இருக்காது. விட்ட பக்கங்களை முடிக்கச் சொன்னீர்கள். போர்டில் எழுதிப் போட்டால் அரை நாளில் முடிந்துவிடும். எனக்கு அதைச் செய்யப் பிடிக்கவில்லை.

கிருஷ்ணப்பிரியா


பருத்திப்பட்டு,
11.07.2025, வெள்ளி

கிருஷ்ணப்பிரியாவுக்கு,

கனிமொழியின் நோட்டு போன வருஷம் வட்டாரக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு மற்றப் பள்ளி டீச்சர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். வருஷக் கடைசியில் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து எழுதும் பதிவேட்டில் அவள் மூன்றாம் நிலை, அதாவது மேல்நிலை. என் கையால் எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நீங்கள் வந்து பதினைந்து நாள்தான் ஆகிறது. இது உங்களுக்கு முதல் வேலை என்று கேள்விப்பட்டேன். ஒரு பிள்ளை பயத்தில் பக்கத்தை மாற்றித் திறந்துவிட்டதை வைத்துக்கொண்டு, அவளுக்குப் படிக்கவே தெரியாது என்று எழுதுகிறீர்கள். உங்கள் வேலை நான் வரும்வரை என் வகுப்பைப் பார்த்துக்கொள்வது. என்னைப் பரீட்சை செய்வது அல்ல.

நடந்ததையெல்லாம் தங்கவேல் சாருக்கு எழுதிவிட்டேன். இனி அவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

ஜெயசீலி


கள்ளிக்குப்பம்,
16.07.2025, புதன்

டீச்சருக்கு,

பேசிக்கொண்டேன்.

சார் என்னை உட்காரச் சொல்லவில்லை. "விசிட்டுக்கு இன்னும் ரெண்டு வாரம்தாம்மா இருக்கு. வர்றவங்க மொதல்ல நோட்டத்தான் புரட்டுவாங்க. போர்ஷன் எங்க?" என்றார். பதினொரு பேர் விஷயத்தைச் சொன்னேன். "அது எல்லா ஸ்கூல்லயும் இருக்கறதுதான். நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லணுமா?" என்றார். ஜூலை 31 அன்று என்னை விடுவித்துவிடுவார்களாம். நீங்கள் திரும்பும்வரை மீதி நாள்களை நாலாம் வகுப்போடு சேர்த்துச் சமாளித்துக்கொள்வார்களாம்.

அவர் அறையை விட்டு வெளியே வந்தால் லிபினின் அப்பா நிற்கிறார். லோடு ஆட்டோவைக் கேட்டுக்கு எதிரிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தார். "அஞ்சாவது படிக்கிற புள்ளைக்கு ஆனா ஆவன்னா எய்திக் குடுத்து அனுப்புறியே, ஒண்ணாங்கிளாஸ்ல தள்ளிட்டியா? தெருவுல சிரிக்கிறானுங்க" என்றார். லிபின் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அன்று முழுவதும் அவன் தலையே நிமிரவில்லை.

பேபி அக்காவும் என்னிடம் பேசுவதில்லை. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நேற்றுச் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டே "எம்பொண்ணப் பத்தி இன்னா எய்திகினு கீறீங்க? நான் தூக்கினு போற மூட்டையில அதுதான் கீதா?" என்று கேட்டார்.

சார் கூப்பிட்டுப் பேசிய திங்கட்கிழமையிலிருந்தே நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். சுற்றளவு, செரிமான மண்டலம், பெயர்ச்சொல் எல்லாவற்றையும் போர்டில் எழுதிப் போட்டேன். மூன்றே நாளில் விட்ட பக்கங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. சனிக்கிழமை நோட்டுகள் உங்கள் கைக்கு வரும். மிகவும் அழகாக இருக்கின்றன. டிக் போடுங்கள்.

கிருஷ்ணப்பிரியா


பருத்திப்பட்டு,
20.07.2025, ஞாயிறு

கிருஷ்ணப்பிரியா டீச்சருக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்துப்போட்டு எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் பேபி நோட்டு மூட்டையோடு கனிமொழியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "இந்தாங்க டீச்சர், நீங்களே பாத்து அந்தம்மாவுக்கு எய்திப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, ரேஷன் கடைவரை போய்வருவதாக மகளை விட்டுவிட்டுப் போனாள். வீட்டுக்காரரும் வெளியே போயிருந்தார். நானும் அவளும்தான்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். உங்களுக்கு நல்ல பதிலாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சிலேட்டை எடுத்து, "உட்கார். தண்ணீர் குடிக்கிறாயா?" என்று எழுதி நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தாள். சிரித்தாள். பல்பத்தை எடுத்து, நான் எழுதியதற்குக் கீழே "உட்கார். தண்ணீர் குடிக்கிறாயா?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். என் எழுத்தைவிட அழகாக இருந்தது. கேள்விக்குறியைக்கூட விடவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

விளையாடுகிறாள் என்று நினைக்கப் பார்த்தேன். அழித்துவிட்டு "அம்மா எங்கே போனாள்?" என்று எழுதினேன். அதையும் எழுதிக் கொடுத்தாள். "கனிமொழி" என்று எழுதினேன். அதைப் பார்த்ததும் தன்னைத் தொட்டுக் காட்டினாள். அந்த ஒரு சொல் தெரிகிறது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் பக்கத்து மேஜையில்தான் உங்கள் நோட்டு மூட்டை இருந்தது, சாரல் அதன்மேல் விழுந்தது. "ஜன்னலைச் சாத்து" என்று அவசரமாக எழுதிக் காட்டினேன். மேல்நோட்டு நனைந்துகொண்டிருக்கிறது. அவள் முட்டி போட்டு உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஜன்னலைச் சாத்து" என்று நிதானமாக எழுதிக்கொண்டிருக்கிறாள்.

நானே எழுந்து சாத்தினேன். திரும்பியபோது என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. அவளுக்கு ஏதோ தப்பாகப் போய்விட்டது என்று புரிந்துவிட்டது. கிட்டே வந்து ரகசியம்போலச் சொன்னாள்: "டீச்சர், நீங்க ஒரு தடவ சொல்லுங்க. நீங்க சொன்னீங்கன்னா எனக்கு வந்துடும்."

ஒரு வருஷத்துக்கு மேலாக நான் செய்தது அதுதானே. நான் சொன்னேன், அவளுக்கு வந்தது. அவள் மட்டும் இல்லை. நீங்கள் அனுப்பிய தாளில் ஏழு பெயர்கள் எனக்கு முன்பே தெரியும். இரண்டு மூன்று என்று உங்களுக்கு எழுதியது பொய். உரக்க வாசித்தால் போதும், பாடம் காதில் ஏறினால் போதும், எழுத்து பிறகு வரும் என்று இருந்துவிட்டேன். பதிவேட்டில் ஏழு பேருக்கும் நல்ல நிலையாகத்தான் எழுதினேன். கீழ்நிலை என்று எழுதினால் ஏன் என்று கேட்டுத் தாள் வரும், அதற்குப் பதில் எழுத வேண்டும். மற்ற நாலு பேரை, அதிலும் கனிமொழியை, நான் சத்தியமாக அறியவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. பேபி நனைந்துகொண்டே திரும்பி வந்தாள். சிலேட்டைப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா டீச்சர், எய்த்து முத்து முத்தா கீதில்ல?" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் சந்தோஷமாக மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

தங்கவேல் சாருக்கு இன்று மறுபடி எழுதியிருக்கிறேன். நீங்கள் சொன்னது உண்மை, உங்களை நிறுத்தக் கூடாது, காலை இரண்டு பீரியடைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று. நீங்கள் போய்விடாதீர்கள்.

ஜெயசீலி


கள்ளிக்குப்பம்,
23.07.2025, புதன்

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைச் சார் எனக்குக் காட்டினார். "இந்தம்மா போன வாரம் ஒண்ணு எழுதறாங்க, இந்த வாரம் ஒண்ணு எழுதறாங்க. விசிட் முடியட்டும்" என்று மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். எதுவும் மாறவில்லை. இன்றும் போர்டில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

நீங்கள் தலையாட்டியதை எனக்கு எழுதி என்ன பயன் டீச்சர்? அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் நான் இல்லை. பேபி அக்கா நேற்று எல்லார் முன்னாலும் "பெரிய டீச்சரே ஒத்துக்கினாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். கனிமொழி பக்கத்தில்தான் நின்றாள். நான் கோபப்படவில்லை என்று எழுத ஆசைதான். வராது.

என்னை வைத்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் எழுதியதற்கு நன்றி. நீங்கள் என்னைப் பற்றி முதலில் எழுதியதுதான் வேலை செய்தது. இரண்டாவது எழுதியது வேலை செய்யாது. எனக்கு அது புரிகிறது.

பதிவேடு பீரோவில் இருக்கிறது. நான் அதைத் தொட முடியாது, அதில் இருப்பது உங்கள் கையெழுத்து. 29ஆம் தேதி வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் மேல்நிலை என்று சந்தோஷமாகப் போய்விடுவார்கள். பதினொரு பேரும் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போவார்கள். அங்கே பாடத்தை யாரும் மூன்று தடவை வாசித்துக் காட்ட மாட்டார்கள்.

கிருஷ்ணப்பிரியா


பருத்திப்பட்டு,
27.07.2025, ஞாயிறு

கிருஷ்ணப்பிரியாவுக்கு,

நேற்றுச் சாயங்காலம் பேபியை வரச் சொன்னேன். இதைச் சிலேட்டில் எழுதிக் காட்டிப் பயனில்லை, அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஜெயபால் அதை வாசித்துக் காட்டினார். அவருக்கு ஏற்ற இறக்கமாக வாசிக்க வராது. சர்ச்சில் கல்யாண அறிவிப்பு வாசிக்கிற மாதிரி வாசித்துக்கொண்டே போனார். "கனிமொழிக்கு வாசிக்கத் தெரியாது. இது என் தவறு" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மேலே வாசிக்கச் சொல்லிக் கை காட்டினேன்.

பேபி அழவில்லை. கத்தவும் இல்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈரமே இல்லாத கை.

"அப்ப அந்த டிக்கு எல்லாம் இன்னா டீச்சர்?" என்று கேட்டாள்.

ஜெயபால் என்னைப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"டெய்லி நைட்டு நோட்டத் தொறந்து எத்தினி டிக்குன்னு எண்ணிட்டுத்தான் படுப்பேன். ஸ்கூலே எங்கூட்டு மாதிரின்னு நெனச்சிகினு இருந்தேன். நான் அங்கியே சோறாக்கிகினு கீறேன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றாள். எழுந்துகொண்டாள். செருப்பைப் போட்டுக்கொள்ளாமல் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கு வருகிறேன். மருத்துவ விடுப்பில் இருப்பவள் வரக் கூடாது என்று சார் சொல்வார். சொல்லட்டும். என்னால் பதில் பேச முடியாதது அன்றைக்கு வசதிதான். பீரோ சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது. பதிவேட்டில் பதினொரு பெயர்களுக்கும் நேரே இருக்கும் நிலையை அடித்துத் திருத்தி, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திடப் போகிறேன். இந்த வருஷம் என் பெயரைச் சிறந்த ஆசிரியர் என்று எழுதி அனுப்பப் போவதாகச் சார் சொல்லியிருந்தார். அது இனி இருக்காது.

உங்களை மன்னிக்கச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் போகுமுன், ஒவ்வொரு பிள்ளையும் எந்த எழுத்தில் நிற்கிறது என்று எழுதிவைத்துவிட்டுப் போங்கள்.

ஜெயசீலி


சென்னீர்குப்பம்,
03.08.2025, ஞாயிறு

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

இதைத் தபாலில் அனுப்புகிறேன். 31ஆம் தேதி என்னை விடுவித்துவிட்டார்கள். நான் அந்த வேலையை விட்டு வந்ததில் எங்கள் வீட்டில் யாருக்கும் வருத்தம் இல்லை. அப்பா மட்டும் "வந்த மாசமே டீச்சர்கூட சண்ட போட்டுட்டியா?" என்றார். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

29ஆம் தேதி நீங்கள் பதிவேட்டை நேராகப் பார்வையிட வந்தவர்கள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போன பிறகு நடந்ததை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வந்த இரண்டு பேரில் வயதான அம்மா ஐந்து நிமிஷம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சார், "உடம்பு சரியில்லாதவங்க மேடம், மனசும் கொஞ்சம்…" என்று ஆரம்பித்தார். அந்த அம்மா அவரை நிறுத்திவிட்டு, நோட்டுகளை மூடி வைத்துவிட்டு, லிபினைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். அவன் மூன்று சொற்களை வாசித்தான். நாலாவதில் நின்றுவிட்டான். "இது தெரியல மிஸ்" என்றான். நான் அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு வாரம். அதில் கிடைத்த மூன்று சொற்கள்.

விளக்கம் கேட்டு உங்களுக்குத் தாள் வரும் என்று சார் சொன்னார். காலையில் ஒரே ஒரு பீரியடை அந்தப் பதினொரு பேருக்கு ஒதுக்கச் சொல்லி அந்த அம்மா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். என்னைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

நீங்கள் கேட்ட விவரம் தனித்தாளில் இருக்கிறது. லிபினுக்கு ஒற்றெழுத்து வருகிறது. கனிமொழிக்குக் குறில் நெடில் வித்தியாசம் இன்னும் பிடிபடவில்லை. அவளுக்கு ஒரு சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டாதீர்கள். சொன்னால் பிடித்துக்கொள்வாள், பிறகு படிக்க மாட்டாள். எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருங்கள். எனக்கு அந்தப் பொறுமை இருந்தது, நாள்கள்தான் இல்லை.

கிருஷ்ணப்பிரியா


பருத்திப்பட்டு,
31.08.2025, ஞாயிறு

அன்புள்ள கிருஷ்ணப்பிரியாவுக்கு,

அந்தத் தபாலுக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. வராது என்றும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

பள்ளிக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. குரல் பாதிதான் வந்திருக்கிறது. மூன்றாவது பெஞ்சுக்கு மேல் போகாது. அதனால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். விளக்கக் கடிதம் இரண்டு தடவை எழுதிக் கொடுத்துவிட்டேன், மூன்றாவது கேட்டிருக்கிறார்கள். சார் என்னைப் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார். பேபி காலையில் வணக்கம் சொல்கிறாள், அவ்வளவுதான். முன்பெல்லாம் எனக்கென்று தனியாக எடுத்துவைக்கும் டீயை இப்போது வைப்பதில்லை.

அந்த ஒரு பீரியட் போதவில்லை. பதினொரு பேரில் நாலு பேர் நகர்ந்திருக்கிறார்கள். மற்றவர்கள் இன்று வருவது நாளைக்குப் போய்விடுகிறது. கனிமொழியின் நோட்டைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. போர்டைப் பார்த்து எழுதவிடுவதில்லை. தானாக எழுதுகிறாள், கோணல் மாணலாக, வரிக்கு நாலு பிழை. "எனக்கு பழைய மாதிரி எழுதணும் டீச்சர்" என்று ஒருநாள் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அழுதாள். எவ்வளவு நேரம் அழுதாளோ அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு வகுப்பில் இவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை.

வியாழக்கிழமை பேபி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை, அரிசி களையவில்லை. சார் வாசலிலேயே நிற்கவைத்துக் கத்தினார். வகுப்பிலிருந்து எனக்குக் கேட்டது.

"இன்னா பண்றது சார். பஸ்ஸ்டாண்டுல நிக்கிறோம். பஸ்ஸு வந்துச்சி. இவ ஏற மாட்டேங்குறா. போர்டப் படிச்சிட்டுத்தான் ஏறுவேன்றா. அந்தப் போர்டுல எய்த்து ஓடிகினே கீது, நிக்க மாட்டேங்குது. இவ திருமுல்லைவாயல்ல 'முல்'லு வரைக்கும் வர்றதுக்குள்ள பஸ்ஸு எடுத்துட்டான். அடுத்த பஸ்ஸும் அப்டியே போயிடுச்சி."

"கையைப் பிடிச்சு ஏத்த வேண்டியதுதானே?" என்றார் சார்.

"ஏத்தியிருக்கலாம்" என்றாள் பேபி. "மூணாவது பஸ்ஸுல முழுசாப் படிச்சா சார். அதுக்கோசரம் நின்னேன்."

ஜெயசீலி